இன்டீரியர் டிசைனர் ஆக எதைப் படிப்பது: பட்டமா, டிப்ளமோவா, ஆர்க்கிடெக்சரா?

சன்னலோரம் கேட்டது:

வணக்கம். பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறேன். இன்டீரியர் டிசைனர் ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தப் படிப்பில் சேர்ந்து ஆவது என்பதில்தான் குழப்பம்.

முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருட இளங்கலை இன்டீரியர் டிசைன். தனியார் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருட டிப்ளமோ. இல்லையென்றால் ஐந்து வருடம் ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டு இன்டீரியர் பக்கம் திரும்புவது. டிப்ளமோ நிறுவனத்தில், "அவர்கள் நான்கு வருடம் இழுப்பதை நாங்கள் இரண்டு வருடத்தில் முடிக்கிறோம், சாஃப்ட்வேர் வேறு கூடுதல்" என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், "டிப்ளமோ படித்தால் காலம் முழுக்க இன்னொருவருக்குப் படம் போட்டுக் கொடுக்கவேண்டியதுதான்" என்கிறார்கள். ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாமா மகன் இரண்டையும் கேட்டுச் சிரிக்கிறான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கணக்கு சுமார். இயற்பியல் பிடிக்கும், மதிப்பெண்தான் வராது. முகம், பூ எல்லாம் பார்த்து வரையச் சொன்னால் வராது. ஆனால் அறையை அளந்து கட்டம் போட்ட தாளில் வரைவேன். கட்டில், மேசை, அலமாரியை அட்டையில் அதே விகிதத்தில் வெட்டி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். பாட்டி வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தபோது, குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னது நான்தான். உள்ளே விழுந்துவிட்டால் கதவை ஒட்டித்தானே கிடப்பார், தள்ளித் திறக்க முடியாதே என்று தோன்றியது. அப்பாவுக்கோ இந்தப் படிப்பு என்றாலே சோபாவுக்கு நிறம் பார்ப்பது. "அதற்கு எதற்கு நான்கு வருடம்?" என்கிறார்.

மூன்றில் எது? கல்லூரிகளை நேரில் பார்க்கப் போகிறேன், எதைக் கவனிக்கவேண்டும்? வரைய வராதது பெரிய குறையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மரத்தூள்:

மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். டிசைனர்கள் அனுப்பும் டிராயிங்கைப் பார்த்து அலமாரி, மேசை செய்து மாட்டுவது என் தொழில். எந்தப் பட்டத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. என் மேசைக்கு வரும் டிராயிங்தான் தெரியும்.

பிளைவுட் ஒரு பலகை 2440க்கு 1220 மில்லிமீட்டர். இது தெரிந்தவர் அலமாரிக் கதவுக்கு 600 அகலம் வைப்பார். ரம்பம் தின்னும் அளவு போக ஒரு பலகையில் இரண்டு வரிசை சுத்தமாக வரும். தெரியாதவர் 630 என்று போடுவார். ஒரு வரிசைதான் வரும், கிட்டத்தட்ட பாதிப் பலகை துண்டாக மூலைக்குப் போகும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் லேமினேட் ஒட்டினால் 20. அதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்த இழுப்பறை அதன் கூட்டுக்குள் போகாது. இன்னொன்று, புத்தக அடுக்கு. ஒன்றேகால் மீட்டர் நீளத்துக்கு நடுவில் தாங்கலே இல்லாமல் மெல்லிசாக வரைவார்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். புத்தகத்தை அடுக்கினால் கொஞ்ச நாளில் நடு தொங்கும், வாடிக்கையாளர் எனக்குத்தான் போன் செய்வார்.

கல்லூரியில் பட்டறை இருக்கிறதா என்று பார் தங்கச்சி. இருக்கிறது என்று சொன்னால் உள்ளே போய் ரம்பத்தின் அடியில் தூள் கிடக்கிறதா என்றும் பார்.


வரைபலகை:

முதலில் உன் அப்பாவுக்குப் பதில். அந்தக் குளியலறைக் கதவையே காட்டு. நான் மருத்துவமனை உட்புறங்கள் செய்கிறேன். நோயாளி அறையின் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும், வெளியே திறந்தால் கட்டிலை நகர்த்தும் வழியில் இடிக்குமா, அப்படியானால் நகரும் கதவு போடலாமா, போட்டால் அதன் கைப்பிடியை நடுங்கும் கை பிடிக்குமா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசுவோம். நிறம் பார்ப்பதும் எங்கள் வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது வரிசையில் ரொம்பப் பின்னால் வருகிறது.

நான் படித்தது நான்கு வருடப் பட்டம். இப்போது சில கல்லூரிகள் இறுதி ஆண்டு ஜூரிக்கு, அதாவது மாணவர் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் குழுவுக்கு, வெளியாளாகக் கூப்பிடுகின்றன, போகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த அளவில் சொல்கிறேன்: பட்டத்தின் பெயரையும் வருடக் கணக்கையும் கொஞ்ச நேரம் தள்ளி வை. மூன்று இடத்திலும் ஒரே ஒரு பொருளைக் கேள். மேல் வகுப்பு மாணவர் யாராவது ஒருவர் போட்ட வொர்க்கிங் டிராயிங், அதாவது பார்த்து அப்படியே செய்யக்கூடிய அளவுப் படங்கள், முழு செட். கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் இருப்பது வேண்டாம்.

அதை எப்படிப் படிப்பது என்று உனக்கு இப்போது தெரியாது, பரவாயில்லை, இவ்வளவு போதும். தரைத்திட்டம் இருக்கும், அது எல்லாரும் போடுவது. கூரைத்திட்டம் இருக்கிறதா? அதாவது விளக்கு, ஏசி வாய், தீயணைப்புத் தெளிப்பான், புகை உணரி எல்லாம் கூரையில் எங்கெங்கே உட்காருகின்றன என்று காட்டும் படம். அறையைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று காட்டும் செக்‌ஷன் இருக்கிறதா? 1:5 அளவில் ஒரு மூலையைப் பெரிதாக்கி, இந்தக் கண்ணாடி அந்த மரத்தில் எப்படி உட்காருகிறது என்று காட்டும் டீடெயில் இருக்கிறதா? எல்லாவற்றிலும் எண்கள் இருக்கின்றனவா? இவையெல்லாம் இருந்தால் அங்கே யாரோ ஒரு ஆசிரியர் உட்கார்ந்து மாணவர்களை வறுத்தெடுக்கிறார் என்று அர்த்தம். அவரிடம்தான் நீ படிக்கவேண்டும்.

அதற்குப் பதிலாக மாலை வெயில் சாயும், யாரோ காபி குடித்துக்கொண்டிருக்கும் பளபளப்பான ரெண்டர் படங்களை, அதாவது கணினியில் நிஜம் போலச் செய்த படங்களை, மட்டும் எடுத்து நீட்டினால் உஷாராக இரு. ரெண்டர் கெட்டது என்று சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு அது தேவை, நானும் போடுகிறேன். ஆனால் அதில் எதையும் மறைக்கலாம். ஜூரியில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு மாடி உயரத்திலிருந்து தொங்கும் ஒரு அலங்கார விளக்கைக் காட்டி, "இது எரியாமல் போனால் யார், எதன் மேல் ஏறி, எப்படி மாற்றுவார்?" என்பேன். நல்ல கல்லூரி மாணவர் விளக்கை இறக்கும் வின்ச் பற்றிப் பேசுவார். இல்லாவிட்டால் தெரியவில்லை, யோசிக்கிறேன் என்பார், அதுவும் சரிதான். சில இடங்களில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்தது பாடத்திட்டம். நான்கு வருடத்தில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்ற அப்பாவின் கேள்வி நியாயமானது. அதனால் இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இரவு விடுதியில் தீப்பிடித்து 100 பேர் செத்துப்போனார்கள். மேடையில் கொளுத்திய வாணம், சத்தத்தை அடக்குவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியுரேத்தேன் நுரையில் பற்றியது. சில நிமிடங்களில் கூடம் முழுக்கக் கரும்புகை. வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடி, அங்கே நெரிசலில் சிக்கினார்கள். சுவரில் எதை ஒட்டுவது, அது எவ்வளவு வேகமாகத் தீயைப் பரப்பும், இருட்டிலும் பயத்திலும் மனிதர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதெல்லாம் உட்புற வேலை செய்பவர் தெரிந்திருக்கவேண்டியவை. பாடத்திட்டத்தில் தீப்பாதுகாப்பும் கட்டட விதிகளும் தனிப் பாடமாக இருக்கின்றனவா என்று பார். 'மெட்டீரியல்ஸ்' என்ற ஒரே பாடத்துக்குள் ஒரு வரியாக ஒளிந்திருந்தால் போதாது.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும், இயற்பியல் கதை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுபவர் சொல்வது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழுந்தது. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இன்னொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து கூடத்தில் போட்டு, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். காலிக் கூடத்தில் ஐந்தரை வினாடி நீடித்த ஒலி மெத்தை கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்தது. அதிலிருந்து அவர் எடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் ஒலி அடங்க எத்தனை வினாடி என்று வரும் (அளவெல்லாம் மீட்டரில்). பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான். உன் 'சுமார்' கணக்கு இதற்குத் தாராளம். திரைச்சீலையும் கம்பளமும் மெத்தை வைத்த நாற்காலியும் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். உன் அப்பாவின் சோபா உட்பட.

விளக்கும் இப்படித்தான். அலுவலக மேசையில் எழுதப் படிக்க 500 லக்ஸ் (மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) என்பது ஐரோப்பியத் தரநிலை. எத்தனை விளக்கு, எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் திரையில் கண் கூசாமல் அந்த வெளிச்சம் மேசையில் விழும் என்று கணக்குப் போடவேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க வெளிச்சத்துக்கு ஒதுக்கும் கல்லூரியைக் கண்டால் எனக்காக அவர்களுக்கு ஒரு வணக்கம் வை.

வரைய வராதது பற்றிக் கவலைப்படாதே. பூவும் முகமும் வேண்டாம். பேசிக்கொண்டே எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி ஒரு படிக்கட்டை, ஒரு மூலையைக் கோட்டால் போட்டுக் காட்ட வந்தால் போதும். அது பழக்கத்தில் வரும். முதல் வருடத்தில் களிமண், காகித மடிப்பு, கறுப்பு வெள்ளைக் கட்டம் என்று எதற்கென்றே தெரியாத பயிற்சிகளைத் தருவார்கள். எரிச்சல் வரும். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியின் அடிப்படை வகுப்பிலிருந்து வந்த வழக்கம் அது. கண்ணும் கையும் பழகத்தான். முதல் வருடத்தை வைத்து ஒரு படிப்பை எடை போடாதே.

அங்கீகாரம் பற்றி இரண்டு வார்த்தை. இந்தத் தொழிலுக்கு உரிமம் பல நாடுகளில் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். சில இடங்களில் அப்படி இல்லை. நெதர்லாந்தில் இன்டீரியர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். வட அமெரிக்காவில் என்.சி.ஐ.டி.க்யூ என்று ஒரு தேர்வு இருக்கிறது. சில மாநிலங்களில் அதைத் தேறினால்தான் பதிவு செய்ய முடியும். அந்தத் தேர்வுக்குப் படிப்போடு வேலை அனுபவமும் கேட்கிறார்கள். உரிய இளங்கலைப் பட்டம் இருந்தால் 3520 மணி நேரம், 60 கிரெடிட் அளவுள்ள டிப்ளமோ என்றால் 5280 மணி நேரம். பட்டத்துக்கும் டிப்ளமோவுக்கும் உள்ள தூரத்தை அந்தத் தேர்வு எப்படி அளக்கிறது என்று இதிலேயே தெரியும்: கதவு இரண்டு பேருக்கும் திறந்திருக்கிறது, டிப்ளமோக்காரர் கூடுதலாக நடக்கவேண்டும். நீ எங்கே வேலை செய்ய நினைக்கிறாய் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த இடத்தின் விதியை அங்கே பதிவு செய்யும் அமைப்பின் தளத்திலேயே படி. கல்லூரி ஏஜென்ட் சொல்வதை எடுத்துக்கொள்ளாதே.


சாவித்துவாரம்:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். டிப்ளமோ படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

நான் வணிகவியல் பட்டம் முடித்து, கணக்கெழுதும் வேலையில் இருந்துவிட்டு, அப்புறம் இரண்டு வருட டிப்ளமோ படித்தேன். இப்போது சமையலறை, அலமாரி மட்டும் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைனர். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சமையலறை சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றுக்கும் நடுவில் ஒருவர் நடக்கும் நடையைக் குறைப்பது, மேடை உயரத்தைச் சமைப்பவரின் முழங்கைக்குத் தகுந்தாற்போல வைப்பது, எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போக 1200 மில்லிமீட்டராவது விடுவது... ஒவ்வொரு வீட்டிலும் புதுப் புதிர். இதற்கு டிப்ளமோ போதும்.

எனக்கு அது சரிப்பட்டதற்குக் காரணம், ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருந்தது. வயதும் நான்கு வருடம் திரும்ப உட்காரும் வயதில்லை. பள்ளி முடித்த கையோடு நேராக டிப்ளமோவுக்குப் போவது வேறு விஷயம். என்னுடன் அப்படிச் சேர்ந்தவர்களுக்கு வேலை சீக்கிரமே கிடைத்தது, ஆட்டோகேடில் வேகமாகப் படம் போடும் வேலை. பெரிய ஓட்டல், மருத்துவமனை, அரசு டெண்டர் என்று வரும்போது நிறுவனங்கள் 'பட்டம் உள்ளவர்' என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகின்றன. திறமை இருந்தும் அந்த வாசலில் நிற்கவேண்டி வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. "டிப்ளமோ முடித்தால் பட்டப்படிப்பில் நேராக மூன்றாம் வருடம் சேரலாம்" என்று சொல்வார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை கிரெடிட்டை எடுத்துக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதைச் சேர்க்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கவேண்டும், அனுப்புகிற நிறுவனத்திடமிருந்து அல்ல. நான் விசாரித்த இடத்தில் ஸ்டுடியோ பாடங்களை, அதாவது உட்கார்ந்து டிசைன் செய்து பழகும் வகுப்புகளை, ஏற்கவே மாட்டோம் என்றார்கள். ஸ்டுடியோவை விட்டால் டிப்ளமோவில் மிச்சம் என்ன இருக்கிறது?

ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.


மூன்றாம்மாடி:

ஆர்க்கிடெக்சர் படித்தவன். உங்கள் மாமா மகன் சிரிப்பது எனக்குப் புரிகிறது, இரண்டாம் வருடத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்போம்.

ஐந்து வருடத்தில் எங்களுக்கு இன்டீரியர் என்று தனியாக வந்தது ஒரே ஒரு செமஸ்டர், அதுவும் விருப்பப் பாடம். மீதியெல்லாம் மண், அஸ்திவாரம், தூண், உத்தரம், மழைநீர், நகரம், கட்டட வரலாறு. கட்டடம் என்ற முழுப் பொருள் மேல் ஆசை இருந்தால் அருமையான படிப்பு. உட்புறம்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த பிறகு இதில் ஐந்து வருடம் உட்காருவது சுற்றுவழி. பல நாடுகளில் ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சுவரை இடிக்க, கட்டமைப்பில் கை வைக்க ஒப்புதல் வாங்குவதும் எங்களுக்கு எளிது. அந்த அதிகாரத்துக்காக வருபவர்கள் உண்டு.

இந்த வழியில் போய் உச்சத்துக்குப் போனவர்களும் இல்லாமல் இல்லை. அமெரிக்க டிசைனர் ஃபுளோரன்ஸ் நோல் படித்தது ஆர்க்கிடெக்சர்தான், புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோவிடம் பாடம் கேட்டவர். நோல் என்ற அறைகலன் நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவை நடத்தியபோது, அலுவலகத்தில் யார் யாரோடு பேசவேண்டும், எவ்வளவு கோப்பு வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் மேசையை எங்கே போடுவது என்று முடிவு செய்வார்களாம். ஆனால் அவர் காலத்தில் இன்டீரியருக்கென்று இன்று இருப்பது போன்ற முழுப் படிப்புகள் அரிது. உங்களுக்கு அந்த நிலைமை இல்லை.

என் ஓட்டு நான்கு வருடப் பட்டத்துக்கு.


சன்னலோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சபின் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மெத்தை வரைக்கும் கேட்டார், சூத்திரம் வந்ததும் எழுந்து போய்விட்டார். ஆனால் தீ விபத்து பற்றி அப்புறம் அவராகவே கேட்டார்.

வரைபலகை அக்கா சொன்னபடி வொர்க்கிங் டிராயிங் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் ஒரு ஆசிரியர் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தார். ஓரமெல்லாம் கிழிந்திருந்தது, சிவப்பு மையில் திருத்தம் திருத்தமாக இருந்தது. கூரைத்திட்டம் இருந்தது. டீடெயில் ஒன்றில் 'இது எப்படி உள்ளே போகும்?' என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டிருந்தார்கள். மரத்தூள் அண்ணா, பட்டறையில் தூள் கிடந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்களாம்.

டிப்ளமோ இடத்தில் கேட்டபோது, "அதெல்லாம் மாணவர்களின் சொந்தப் பொருள், காட்டமுடியாது" என்று சொல்லிவிட்டு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். வீடியோ நன்றாகத்தான் இருந்தது. வேலைவாய்ப்பு நூறு சதவீதம் என்றார்கள். என்ன வேலை என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது நான் செய்தவற்றின் தொகுப்பு, கேட்கிறார்கள், வரையத் தெரியாத நான் அதில் என்ன வைப்பது? லேப்டாப் இப்போதே வாங்கிவிடவா?


வரைபலகை:

சிவப்பு மை கண்ணில் பட்டதே, அதுதான் நான் பார்க்கச் சொன்னது.

ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டுவது நல்லதில்லை. மாணவர்களுக்குக் கை ஒழிவதே அதற்குப் பிறகுதான். இறுதி சமர்ப்பிப்பு நாட்களிலாவது நீட்டிக்கிறார்களா என்று மேல் வகுப்பு மாணவர்களிடம் கேள், அலுவலகத்தில் கேட்காதே. அவர்களிடமே இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடு. ஸ்டுடியோவில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பதினைந்துக்குள் இருந்தால் வாரம் ஒருமுறையாவது உன் மேசைக்கு வந்து உட்கார்ந்து பேசுவார், நாற்பது என்றால் உன் பெயர் அவருக்குத் தெரியாது. உனக்கென்று ஒரு மேசை தருவார்களா, பாதி ஒட்டிய மாடலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா, இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருகிறதா? ஆசிரியர்களில் இன்னும் சைட்டுக்குப் போய் வேலை செய்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் அதிக மதிப்பு தருவேன். சைட்டுக்குப் போய்ப் பல வருடம் ஆனவர் நடத்தும் மெட்டீரியல் வகுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவுக்கு வருவோம். நடிகர் முகத்தைப் பென்சிலில் நகலெடுத்து வைக்காதே. எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள், பார்ப்பவர்கள் புரட்டிவிட்டுப் போவார்கள். உன் கட்டம் போட்ட தாள்களை அப்படியே வை. அழித்தது, மாற்றியது, அட்டை நகர்த்திய தடம் எல்லாம் தெரியட்டும். ஒரே அறைக்கு நீ யோசித்த வேறு வேறு அடுக்குமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை ஏன் விட்டாய் என்று ஒரு வரி எழுது. கதவு மாற்றியதற்கு முன்னும் பின்னும் இரண்டு சின்னத் திட்டப்படம், வாக்கரின் அகலத்தோடு. பொது இடம் ஒன்றில், நூலகமோ காத்திருப்புக் கூடமோ, ஒரு மணி நேரம் உட்கார்ந்து யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த நாற்காலியை யாருமே தொடுவதில்லை என்று குறித்து ஒரு படமாக்கு. காகிதத்தில் ஒரு மாடலும் செய்து புகைப்படம் எடு, வெட்டு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கங்களைக் குறைவாக வை, ஒவ்வொன்றிலும் அளவு எழுது. நேர்முகத்தில் 'இது ஏன் இங்கே?' என்று கேட்பார்கள். உன்னிடம் பதில் இருக்கும் பக்கங்களை மட்டும் வை.

லேப்டாப் பற்றி வேறு யாராவது சொல்லுங்கள். என்னுடையது அலுவலகம் கொடுத்தது.


சாவித்துவாரம்:

லேப்டாப்பை நான் சொல்கிறேன். இப்போது வாங்காதீர்கள். முதல் செமஸ்டர் பெரும்பாலும் கையால்தான் வரையவேண்டியிருக்கும், டீ ஸ்கொயரும் ஸ்கேலும் போதும். சேர்ந்த பிறகு துறையிலேயே ஒரு பட்டியல் தருவார்கள், அதன்படி வாங்குங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ரெவிட் என்ற கட்டட டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும், அழகாக இருக்கிறது என்று மேக்புக் வாங்கிவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேம் 16 ஜிபிக்குக் குறையவேண்டாம், ரெண்டர் போடப்போகிறீர்கள் என்றால் 32. கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்கட்டும். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு இலவசம், ஆட்டோடெஸ்க் தளத்தில் கல்லூரி அடையாளத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். அதனால் சாஃப்ட்வேருக்கென்று டிப்ளமோ நிறுவனம் தனிக் கட்டணம் சொன்னால், எந்த சாஃப்ட்வேருக்கு என்று கேளுங்கள்.